ஒருவர் பறக்க எத்தனை பேர் ஓடணும்? – கிளைடர் சங்கங்கள் தரும் பாடம்



‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால், நம் மாணவர்களில் பலர் தேனீ, எறும்பு, கோத்தோங் ரோயோங் என்று மூன்று எடுத்துக்காட்டுகளோடு நிறுத்திவிடுகிறார்கள். தவறில்லை. ஆனால், எல்லாத் தாளிலும் அதே தேனீதான்! இந்த முறை ஒரு புதிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இன்ஜின் இல்லாத விமானமாகிய கிளைடரும், அதைப் பறக்கவிடும் சங்கங்களும்தான் அது.

1. இன்ஜின் இல்லாம எப்படிப் பறக்கும்?

மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். உண்மையைச் சொன்னால், கிளைடர் எப்போதும் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நீண்ட, மெல்லிய இறக்கைகள் இருப்பதால் மிக மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். இன்றைய நல்ல கிளைடர் ஒன்று 1 கிலோமீட்டர் உயரம் இறங்குவதற்குள் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் முன்னால் போய்விடும். கோலாலம்பூருக்கு மேலே 1 கிலோமீட்டர் உயரத்தில், காற்று அசையாத நேரத்தில் விட்டால், கிள்ளானைத் தாண்டிடும்!

அப்படியானால் அது மேலே ஏறுவது எப்படி? பேரங்காடியில் மேல்நோக்கிப் போகும் மின்படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் மெதுவாகக் கீழே நடக்கிறார். படிக்கட்டின் வேகம் அதிகம் என்றால், அவர் இறங்க இறங்க மேலேதான் போவார், இல்லையா? கிளைடரும் அப்படித்தான். வெயிலில் சூடான தரை தன் மேலுள்ள காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும்புகிறது. காற்று நொடிக்கு 3 மீட்டர் ஏற, கிளைடர் அதற்குள் நொடிக்கு 1 மீட்டர் இறங்கினால், மிச்சம் 2 மீட்டர் உயரம் லாபம். பருந்து இறக்கையை அடிக்காமலேயே வட்டமிட்டு உயரப் போவதும் இதே முறையில்தான்.

2. ரப்பர் கயிறும் மலையும்

ஜெர்மனியின் ஒட்டோ லிலியந்தால் 1891 முதல் குன்றுகளிலிருந்து குதித்துப் பறந்து பழகியவர். 1896-இல் அப்படிப் பறக்கும்போது விழுந்து உயிரிழந்தார். பின்னர், முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு இன்ஜின் விமானங்கள் மீது கடும் கட்டுப்பாடு வந்தது. பறக்கும் ஆசை மட்டும் அடங்கவில்லை. 1920-இல், சுமார் 950 மீட்டர் உயரமுள்ள வாஸர்குப்பே என்ற மலையில் இளைஞர்கள் கூடி முதல் கிளைடர் போட்டியை நடத்தினார்கள். அதற்கு முன்னின்று உழைத்தவர் ஒஸ்கார் உர்சினுஸ் என்ற பத்திரிகை ஆசிரியர்.

அங்கே கிளைடரை வானில் ஏற்றிய முறையைக் கவனியுங்கள். விமானத்தின் மூக்கில் நீளமான ரப்பர் கயிற்றை மாட்டுவார்கள். சிலர் வாலை இறுகப் பிடித்துக்கொள்ள, இரண்டு அணியினர் கயிற்றின் இரு முனைகளையும் இழுத்துக்கொண்டு மலைச்சரிவில் ஓடுவார்கள். வாலை விட்டதும், உண்டிவில்லில் வைத்த கல்லைப்போல விமானம் பாயும். கீழே இறங்கியதும் எல்லோரும் சேர்ந்து அதை மறுபடி மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். அக்காலத்தில் முதல் நிலைச் சான்றிதழுக்கு 30 வினாடி பறந்தால் போதும். அந்த 30 வினாடிக்காக நாள் முழுக்க மற்றவர்களுக்குக் கயிறு இழுக்கணும்!

1922 ஆகஸ்டில் ஹனோவர் மாணவர்கள் அதே மலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பறந்தார்கள். சில நாட்களிலேயே அது மூன்று மணி நேரத்தைத் தாண்டியது.

3. இன்றைய சங்கத்தில் ஒரு நாள்

இப்போது பெரும்பாலும் வின்ச் என்னும் கயிறு சுற்றும் இயந்திரமோ, இழுவை விமானமோ கிளைடரை மேலே ஏற்றுகிறது. ஆனாலும் ஆள் தேவை குறையவில்லை. பிரிட்டனின் சங்கங்களை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒருவர் இறக்கையின் நுனியைச் சமமாகப் பிடிப்பார். ஒருவர் வின்ச்சை இயக்குவார். இன்னொருவர் சைகை காட்டுவார். வேறொருவர் நேரத்தைக் குறிப்பார். இறங்கிய கிளைடரை இழுத்து வரவும் ஆள் வேண்டும். பயிற்றுநர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். 14 வயதில், அதாவது நம் படிவம் 2 மாணவர் வயதில், தனியாகப் பறக்கத் தகுதி பெறலாம்.

அங்கே ஒரு முக்கியமான விதி உண்டு. விமானம் கிளம்பும் நேரத்தில் ஆபத்து எதையாவது பார்த்தால், யார் வேண்டுமானாலும் “நிறுத்து!” என்று கத்தலாம். நேற்றுச் சேர்ந்த சிறுவன் கத்தினாலும், முப்பது வருட அனுபவமுள்ள விமானி நிறுத்தியே ஆகவேண்டும். ‘சின்னப் பையனுக்கு என்ன தெரியும்’ என்ற பேச்சே இல்லை. ஏனென்றால், விமானியின் இருக்கையிலிருந்து தெரியாத ஒன்று, ஓரமாக நிற்பவனின் கண்ணில் படலாம்.

4. ஒற்றுமை மட்டும் போதுமா?

இங்கேதான் கட்டுரைக்கான கருத்து கிடைக்கிறது. 1930-களில் நாஜி அரசு ஜெர்மனியின் இந்தச் சங்கங்களைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, போர் விமானிகளை உருவாக்கப் பயன்படுத்திக்கொண்டது. போருக்குப் பிறகு அங்கே கிளைடர் பறப்பதே தடைசெய்யப்பட்டு, 1951-இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அதே கயிறு, அதே கூட்டு உழைப்பு. ஆனால், அது போகும் திசையைப் பார்த்து “நிறுத்து” என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

ஆக, சேர்ந்து இழுப்பது ஒற்றுமையின் பாதி. தவறு கண்டால் தயங்காமல் சொல்வதும், சொன்னவர் சிறியவரானாலும் காதுகொடுத்துக் கேட்பதும் மறுபாதி. இது வகுப்பறைக்கும் பொருந்தும். குழுப்பணியில் எப்போதும் ஒரே மாணவர் பேச, மற்றவர்கள் தலையாட்டினால், நாமும் பாதியில்தான் நிற்கிறோம்.

பயிற்சி வினாக்கள்

அ) கிளைடர் இறங்கிக்கொண்டே உயரம் பெறுவது எப்படி? மின்படிக்கட்டு உவமையைப் பயன்படுத்தாமல், உங்கள் சொந்த நடையில் விளக்குக.

ஆ) “நிறுத்து” என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் இருப்பதால் ஏற்படும் நன்மைகள் இரண்டைக் கூறுக.

இ) ‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்னும் பழமொழியை ஒட்டி, தேனீயும் எறும்பும் இல்லாமல் ஒரு பத்தி எழுதுக. முடியும், முயன்று பாருங்கள்!