'அப்டேட்'னு எழுதிட்டுப் போகாதீங்க!

போன செமஸ்டர்ல நாலு பேர் சேர்ந்து பூம்புகார் சுற்றுலா வழிகாட்டி ஆப் ஒன்னு பண்ணோம். ரிவ்யூ அன்னைக்கு மேடம் ஊர்ப் பெயர் பெட்டியில் 'காவிரிப்பூம்பட்டினம்'னு டைப் பண்ணாங்க. 'காவிரிப்பூம்பட்'டோட நின்னுடுச்சு.

காரணம் நான்தான். அந்தப் பெட்டிக்கு முதல்ல வரம்பு 15. நண்பன் அதை 45 ஆக்கியிருந்தான். "ஊர்ப் பேருக்கு எதுக்கு 45?"ன்னு நான் திரும்ப 15 ஆக்கிட்டேன். அவன் எழுதின கமிட் மெசேஜ் 'அப்டேட்'. என்னோடது 'சின்ன சேஞ்ச்'. ரெண்டுமே யாருக்கும் எதையும் சொல்லலை.

அவன் இப்படி எழுதியிருந்தா நான் கை வச்சிருக்கவே மாட்டேன்:

ஊர்ப் பெயர் வரம்பை 15-லிருந்து 45 ஆக்கு

யூனிகோடில் ஓர் உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு குறியாக எண்ணப்படும். காவிரிப்பூம்பட்டினம் 11 எழுத்து, ஆனால் 20 குறி. 15 வைத்தால் பெயர் பாதியில் நின்றுவிடும்.

கவனிச்சீங்களா? *என்ன* மாறுச்சுங்கிறது கோடைப் பார்த்தாலே தெரியும். 15 போய் 45 வந்திருக்கும், அவ்வளவுதான். *ஏன்* மாறுச்சுன்னு கோடு சொல்லாது. அதுக்குத்தான் மெசேஜ். முதல் வரி தலைப்பு மாதிரி, 50 குறிக்குள்ள இருந்தா நல்லதுன்னு ஒரு வழக்கம். (தமிழ்ல எழுதினா இதுலயும் அதே சிக்கல்தான்!) அப்புறம் ஒரு வரி காலியா விட்டு, காரணம். தலைப்புல "மற்றும்" போடவேண்டி வந்தா அது ரெண்டு கமிட்டா இருக்கணும்னு அர்த்தம்.

பூம்புகாருக்கு இது புதுசில்ல. சிலப்பதிகாரத்துல இந்திரவிழா நடக்கிற புகாரில், வணிகர்கள் தங்கள் பெயர் பொறிச்சு, சரக்கின் எண்ணிக்கையும் குறிச்ச பொதிகள் பூட்டும் காவலும் இல்லாம கிடக்கும்னு ஒரு வர்ணனை வரும். பொதியைப் பிரிக்காமலே யாரோடது, எவ்வளவுன்னு தெரியும். கமிட்டில் பெயரையும் தேதியையும் கிட் தானா பொறிச்சிடும். மீதிதான் நம்ம வேலை.

2005-ல் லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினார். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இருக்காத ஆயிரக்கணக்கானவங்க அதுல வேலை செய்றாங்க. பக்கத்து பெஞ்ச்ல கேட்டுக்கலாம்ங்கிற வசதி அவங்களுக்குக் கிடையாது. அதனால அங்க ஒரு வரி மாற்றத்துக்கு மூணு பத்தி விளக்கம் இருக்கிறது சாதாரணம். 'கிட் பைசெக்ட்' வச்சு 1000 கமிட்டுக்குள்ள ஒரு பிழையைச் சுமார் 10 சோதனையில் பிடிச்சிடலாம். பிடிச்ச கமிட்டோட மெசேஜ் 'ஃபிக்ஸ்'னு மட்டும் இருந்தா? பிழை எந்த இடத்துலன்னு தெரியும், அதைத் திருப்பினா வேற எது உடையும்னு தெரியாது.

அவசரத்துல தப்பா எழுதிட்டீங்களா? இன்னும் புஷ் பண்ணலைன்னா 'அமெண்ட்' போட்டு கடைசி மெசேஜைத் திருத்திக்கலாம். புஷ் பண்ணிட்டா டீம்ல சொல்லாம வரலாற்றை மாத்தாதீங்க, மத்தவங்க ரெப்போ குழம்பிடும்.

அன்னைக்கு ராத்திரியே திரும்ப 45 ஆக்கினேன். மாறின கோடு ஒரு வரி, மெசேஜ் அஞ்சு வரி.