தமிழர் இத்தாலியம் கற்றல் (தொடக்கநிலை)

இத்தாலியம், இலத்தீனிலிருந்து தோன்றிய உரோமானிய மொழிகளுள் ஒன்றாகும். இது இத்தாலி, சான் மரீனோ, வத்திக்கான் நகர் ஆகியவற்றில் பேசப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் நான்கு தேசிய மொழிகளுள் ஒன்றாகவும் உள்ளது. இன்றைய பொது இத்தாலியம், புளோரன்சு நகர வழக்கை அடிப்படையாகக் கொண்டது. கவிஞர் தாந்தே (1265–1321) எழுதியதும் அவ்வழக்கிலேயே ஆகும்.

ஐரோப்பிய அவை 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தில் ஆறு படிகள் உள்ளன. அவற்றுள் ஏ1, ஏ2 ஆகிய முதல் இரண்டும் தொடக்கநிலை எனப்படும். இப்படிகளில் தமிழருக்கு எவை எளியவை, எவை கடினமானவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சொற்களில் பல, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மாணவர் நாள்தோறும் காணும் பொருள்களைக் குறிப்பவை.

தமிழரும் இத்தாலியமும்

இவ்வட்டாரத்துக்கு அருகிலுள்ள மதுரைக்கு 1606-இல் வந்த இராபர்ட் தெ நொபிலி ஓர் இத்தாலியர். சதுரகராதியையும் தேம்பாவணியையும் இயற்றிய வீரமாமுனிவர் (1680–1747) வட இத்தாலியில் பிறந்தவர். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியிலும் அவர் பணியாற்றினார். இவர்கள் தமிழ் கற்ற இத்தாலியர்.

இன்று தமிழர் இத்தாலியம் கற்கின்றனர். இலங்கைத் தமிழர் பலர் சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் வாழ்கின்றனர். அங்கு நீண்டகால வதிவுரிமை பெற விரும்பும் வெளிநாட்டவர், பொதுவாக ஏ2 நிலைத் தேர்ச்சியைக் காட்ட வேண்டும் என்ற விதி 2010 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. குடியுரிமை கோருவோருக்கு அடுத்த படியான பி1, 2018 முதல் தேவைப்படுகிறது. ஆகவே தொடக்கநிலை இத்தாலியம் பலருக்குப் பொழுதுபோக்கு அன்று; குடும்பம் ஓரிடத்தில் நிலைப்பதற்கான நிபந்தனை ஆகும்.

ஒலிப்பு

இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிகின்றன. 'பஸ்' என்பதைப் 'பஸ்ஸு' என்று பேசிப் பழகிய தமிழருக்கு இது இயல்பாக வரும்.

ஒற்று இரட்டித்தால் பொருள் மாறுவது இரு மொழிகளுக்கும் பொதுவானது. தமிழில் பலி, பல்லி என்பவையும் கனி, கன்னி என்பவையும் வெவ்வேறு சொற்கள். அதுபோல இத்தாலியத்தில் 'பாலா' என்றால் மண்வாரி, 'பால்லா' என்றால் பந்து. 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் தாத்தா. ஆங்கிலேயர் தடுமாறும் இவ்விடத்தைத் தமிழர் எளிதில் கடக்கலாம்.

'ஞ' ஒலியும் இத்தாலியத்தில் உண்டு. 'சிஞ்ஞோரா' என்பது பெண்களை மரியாதையாக விளிக்கும் சொல். 'தாவொலோ' (மேசை) போன்ற சொற்களில் வருவது தமிழின் 'த' போன்ற பல்லொலியே. ஆங்கிலப் பழக்கத்தால் அதை 'ட' என ஒலிப்பது பிழை.

கடினம் தொடங்குவது வல்லின எழுத்துகளில். தமிழில் 'ப' என்ற ஓரெழுத்தே இரண்டு ஒலிகளைக் குறிக்கிறது. இத்தாலியத்தில் அவை தனித்தனி எழுத்துகள். இருக்கைப் பலகையையும் வங்கியையும் குறிக்கும் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'பாங்கா' என்றே அமையும். தரவு, பகடை ஆகியவற்றுக்கான சொற்களும் தமிழில் 'தாதோ' என ஒன்றாகிவிடும். எனவே இங்குள்ள தமிழ் எழுத்துப்பெயர்ப்புகள் வழிகாட்டி மட்டுமே. சொற்களை உரோமன் எழுத்தில் பார்த்தும், ஒலிப்பதிவில் கேட்டும் கற்க வேண்டும்.

பெயர்ச்சொல்லும் பாலும்

தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. இத்தாலியத்தில் சொல்லைப் பொறுத்தது. உயிரற்ற பொருளும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ அமையும். ஓகாரத்தில் முடிபவை பெரும்பாலும் ஆண்பால். ஆகாரத்தில் முடிபவை பெரும்பாலும் பெண்பால். பெயருக்கு முன் வரும் சுட்டு அதற்கேற்ப மாறும்.

ஆண்பால்: இல் தெலாயோ (தறி), இல் ஃபீலோ (நூல்), இல் பொத்ஸோ (கிணறு).

பெண்பால்: லா காப்ரா (வெள்ளாடு), லா தெர்ரா (மண்), லா பியோஜ்ஜா (மழை), லா பால்மா (பனை போன்ற மரம்).

பன்மையில் ஓகாரம் இகரமாகவும் ஆகாரம் எகரமாகவும் மாறும்: ஃபீலோ – ஃபீலி, காப்ரா – காப்ரெ. எகரத்தில் முடிபவை எப்பாலாகவும் இருக்கலாம்: இல் சோலெ (சூரியன்) ஆண்பால், லா நொத்தெ (இரவு) பெண்பால். விதிவிலக்குகளும் உண்டு. 'மானோ' (கை) ஓகாரத்தில் முடிந்தாலும் பெண்பால். ஆகவே பெயரைத் தனியே மனப்பாடம் செய்யாமல் சுட்டுடன் சேர்த்தே கற்பது நல்லது.

வினையும் தொடரும்

தமிழைப் போலவே இத்தாலிய வினையின் ஈறும் பேசுபவர் யார் எனக் காட்டும். பார்லோ (பேசுகிறேன்), பார்லி (பேசுகிறாய்), பார்லா (பேசுகிறான், பேசுகிறாள்), பார்லியாமோ (பேசுகிறோம்) என்பன எடுத்துக்காட்டுகள். எனவே நான், நீ போன்ற சொற்களை விட்டுவிடலாம். ஆனால் படர்க்கையில் ஆண், பெண் வேறுபாடு இவ்வினையில் தெரியாது.

'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதன் அமைப்பே 'மி பியாச்செ இல் கஃபே' என்பதிலும் உள்ளது. 'மி' என்றால் எனக்கு. ஆனால் 'எனக்குப் பசிக்கிறது' என்பதற்கு 'பசி வைத்திருக்கிறேன்' என்னும் பொருளில் 'ஓ ஃபாமெ' என்பர். வயதையும் அவ்வாறே கூறுவர்.

தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் பின் வரும். இத்தாலியத்தில் முன்னிடைச்சொல் வரும். வினையும் பொதுவாக இறுதியில் நில்லாது. 'வாதோ ஆ மதுரை' என்றால் மதுரைக்குப் போகிறேன். 'ஆபிதோ ஆ மதுரை' என்றால் மதுரையில் வசிக்கிறேன். உருபு வேறுபாட்டை இங்கு வினையே உணர்த்துகிறது.

மரியாதை

நண்பரிடமும் குழந்தைகளிடமும் 'து' (நீ) எனலாம். அறிமுகமில்லாத பெரியவர், அலுவலர், மருத்துவர் ஆகியோரிடம் 'லேய்' எனல் வேண்டும். இதன் நேர்ப்பொருள் 'அவள்' என்பதாகும். ஆணிடமும் இதையே கூறுவர். 'நீங்கள்' என்பது போல் இங்குப் பன்மை வினை வராது. படர்க்கை ஒருமை வினையே வரும்.

பயிற்சியும் தேர்வும்

இத்தாலியில் அரசின் வயதுவந்தோர் கல்வி மையங்கள் மொழி வகுப்புகளை நடத்துகின்றன. பெருஜா, சியேனா நகரங்களிலுள்ள வெளிநாட்டவர் பல்கலைக்கழகங்களும், 1889-இல் தொடங்கப்பட்ட தாந்தே அலிகியேரி கழகமும் தேர்ச்சிச் சான்றிதழ் வழங்குகின்றன. ஊரிலிருந்தே கற்போர் முதலில் எழுத்தொலிகளையும், பின்னர் சுற்றியுள்ள பொருள்களின் பெயர்களைச் சுட்டுடனும், அதன்பின் நிகழ்கால வினைகளையும் கற்பது பயனுள்ள வரிசையாகும்.