இணைய வேகம் எங்கே தொலைகிறது?

மாணவர்களே, இயங்கலை வகுப்பு நடக்கும்போது ஆசிரியரின் முகம் திரையில் அடிக்கடி உறைந்து நிற்கிறதா? இன்னும் வேகமான இணையத் திட்டத்துக்கு மாறலாம் என்று பெற்றோரிடம் கேட்கத் தோன்றும். மாறினால் மாதக் கட்டணம் கூடும். சிக்கல் மட்டும் அப்படியே இருக்கலாம். ஏன் தெரியுமா?

பிட் வேறு, பைட் வேறு

உங்கள் வீட்டில் 300 மெகாபிட் திட்டம் இருப்பதாகக் கொள்வோம். வினாடிக்கு அதிகபட்சம் 300 மெகாபிட் தகவல் வரும் என்பது அதன் பொருள். ஆனால், கோப்புகளின் அளவை நாம் பைட்டில் சொல்கிறோம். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். எனவே, 300-ஐ 8-ஆல் வகுத்தால் வினாடிக்கு 37.5 மெகாபைட். 1,500 மெகாபைட் கோப்பு இறங்க 5 வினாடி அல்ல, குறைந்தது 40 வினாடி ஆகும்.

இதுவே தாராளமான வேகம்தான். காணொளி வகுப்புக்குச் சில மெகாபிட் போதும். ஒரு 4கே படத்துக்கும் 25 மெகாபிட் போதும். அப்படியானால் தடை எங்கே?

குறுகலான குழாய்

தெருவில் பெரிய குழாய் ஓடினாலும், வீட்டுக்குள் மெல்லிய குழாய் இருந்தால் அதன் அளவுக்குத்தான் தண்ணீர் வரும். இணையமும் அப்படியே. ஒளியிழைக் கம்பி வாசல்வரை கொண்டு வரும் வேகத்தை வைஃபை இழந்துவிடக்கூடும்.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி ஓரளவு தூரம் செல்லும். ஆனால் வேகம் குறைவு. அண்டை வீட்டு வைஃபை, புளூடூத், நுண்ணலை அடுப்பு ஆகியவையும் அதே அலைவரிசையில் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் இரண்டு கான்கிரீட் சுவர்களைக் கடப்பதற்குள் வலுவிழந்துவிடும்.

தூரத்துக்கு மருந்தில்லை

இணைய விளையாட்டில் ஏற்படும் தாமதம் வேறு வகை. ஒளியிழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் செல்கிறது. கோலாலம்பூரிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் 14,000 கிலோமீட்டருக்கு மேல். விளையாட்டின் வழங்கி அங்கே இருந்தால், போய்வர மட்டும் 0.14 வினாடி ஆகும். வழங்கி சிங்கப்பூரில் இருந்தால் இந்தத் தாமதம் மிகக் குறைவு. எவ்வளவு பெரிய திட்டம் வாங்கினாலும் ஒளியை விரைவுபடுத்த முடியாது.

நீங்களே சோதியுங்கள்

வேகத்தை மூன்று முறை அளந்து எழுதுங்கள்: மடிக்கணினியை ரவுட்டருடன் கம்பியால் இணைத்து, பிறகு ரவுட்டர் அருகே வைஃபையில், கடைசியாக உங்கள் அறையில். பழைய கம்பியோ கணினியின் இணைப்புத் துளையோ 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காமல் இருக்கலாம், அதையும் கவனியுங்கள்.

கம்பியில் சரியாக இருந்து அறையில் மட்டும் குறைந்தால், ரவுட்டரைத் தொலைக்காட்சி அலமாரிக்குள்ளிருந்து எடுத்து வீட்டின் நடுவே உயரமான இடத்தில் வையுங்கள். நல்ல கம்பியிலும் குறைந்தால் சேவை நிறுவனத்தை அழைக்கலாம். எப்படியானாலும், கூடுதல் பணம் கட்டும் முன் அந்த மூன்று எண்களையும் பெற்றோரிடம் காட்டுங்கள்.