கொரிய சாம்பியன் லாகூருக்குப் போனது ஏன்? வீடியோ கேம் நாடுகளை இணைக்கும் கதை

2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் ‘ஈவோ ஜப்பான்’ வீடியோ கேம் போட்டி நடந்தது. ‘டெக்கன் 7’ பிரிவில் கோப்பை யாருக்கு என்று அன்று கேட்டிருந்தால், ரசிகர்கள் கொரியா, ஜப்பான் வீரர்கள் நாலஞ்சு பேரின் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். ஜெயித்ததோ பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் சித்திக். கேமிங் உலகில் ‘அர்ஸ்லான் ஆஷ்’. விசா, விமானச் சிக்கல்களைத் தாண்டி, களைத்துப்போய் வந்து சேர்ந்த அவர், இறுதிப் போட்டியில் பிலிப்பைன்ஸ் வீரரை வீழ்த்தினார்.

‘யாருப்பா இவரு?’ என்று உலகமே தேடியது. அவர் சொன்ன பதில்தான் எல்லோரையும் இன்னும் அசரவைத்தது. பாகிஸ்தானில் தன்னைப் போல, தன்னைவிடவும் பலமான வீரர்கள் இருக்கிறார்கள் என்றார்.

அது வெறும் தன்னடக்கமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு ஆறே மாதத்தில் விடை கிடைத்தது. ஆகஸ்ட் 2019-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த முதன்மை ஈவோ போட்டியின் இறுதியில், டெக்கன் உலகின் ஜாம்பவான் எனக் கருதப்படும் தென் கொரியாவின் பே ஜே-மின்னையும் அர்ஸ்லான் தோற்கடித்தார். ஒரே ஆண்டில் இரண்டு ஈவோ கோப்பைகள். அதன்பின் நடந்ததுதான் இன்னும் சுவாரஸ்யம். தோற்ற பே ஜே-மின் மூட்டை கட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கே போனார். அங்குள்ள வீரர்களோடு உட்கார்ந்து ஆடிக் கற்றுக்கொள்வதற்காக.

வீடியோ கேம் மனிதர்களை இணைக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மையா? உண்மை என்றால், எது இணைக்கிறது? எது தடுக்கிறது? டெக்கன் கதையை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

டெக்கன் என்றால் என்ன?

1994-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட சண்டை விளையாட்டு இது. இரண்டு பேர், இரண்டு கதாபாத்திரங்கள், நேருக்கு நேர் மோதல். அவ்வளவுதான். 90-களில் பிறந்த பலருக்கு ‘டெக்கன் 3’ என்றாலே பிரேசிலின் கப்போய்ரா ஆடும் எடி ஞாபகம் வருவார். ஒரே பட்டனைத் தட்டிக்கிட்டே இருந்தாலும் ஜெயிக்கலாம் என்று பெயர் வாங்கியவர்!

ஆனால் போட்டி மட்டத்தில் இது வேறு ஆட்டம். திரையில் ஒரு விநாடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படமும் ஒரு ‘ஃபிரேம்’. மிக வேகமான குத்து வெளிவர 10 ஃபிரேம், அதாவது விநாடியில் ஆறில் ஒரு பங்கு ஆகும். எந்த அடிக்கு எத்தனை ஃபிரேம், எதைத் தடுத்தால் எதைத் திருப்பி அடிக்கலாம் என்பதை வீரர்கள் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்கிறார்கள். லாகூரில் ஆடினாலும் சியோலில் ஆடினாலும் அந்த எண்கள் மாறாது.

பேசத் தெரியாமலே எப்படிப் புரிகிறது?

டெக்கனில் நான்கு முக்கியமான பட்டன்கள். இடது கை, வலது கை, இடது கால், வலது கால். சர்வதேச ரசிகர்கள் இவற்றை 1, 2, 3, 4 என்று எழுதுகிறார்கள். ‘முன்பக்கம் தட்டி 2’ என்றால் எந்த அடி என்பது உருது பேசுபவருக்கும் போர்த்துகீசியம் பேசுபவருக்கும் தெரியும். இலக்கணம் தேவையில்லை.

இன்னொரு உதாரணம் ‘கொரியன் பேக்டாஷ்’. எதிராளியின் அடி படாதபடி வேகமாகப் பின்வாங்கும் நுட்பம் இது. கேமைத் தயாரித்தது ஜப்பான். ஆனால் இந்த நுட்பத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கியவர்கள் கொரிய ஆர்கேட் வீரர்கள். இன்று அமெரிக்காவில் புதிதாக ஆடப் பழகுபவரும் அதை அந்தப் பெயரிலேயே கற்றுக்கொள்கிறார். ஒரு ஊரின் கைப்பழக்கம் உலகத்தின் பாடமாகிவிட்டது.

கேம் மூலம் நடக்கும் பண்பாட்டுப் பரிமாற்றம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. ‘எங்க ஊர்ச் சிறப்பு இது’ என்று யாரும் மேடை போட்டு விளக்குவதில்லை. தோற்றவர், ‘எப்படி அடிச்சீங்க?’ என்று கேட்கிறார். ஜெயித்தவர் காட்டுகிறார். அறிமுகம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

லாகூர் மட்டும் ஏன் யாருக்கும் தெரியாமல் இருந்தது?

இங்கேதான் தூரம் குறுக்கே வருகிறது. லாகூரிலிருந்து டோக்கியோ நேர்க்கோட்டில் சுமார் 6,000 கி.மீ. கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. வேகத்தில் செல்லும். கேபிள் நேராகவே போனாலும், ஒரு தகவல் போய்த் திரும்ப 60 மில்லி விநாடி ஆகும். அதாவது மூன்று, நான்கு ஃபிரேம். நிஜத்தில் கேபிள்கள் சுற்றி வளைத்துத்தான் போகின்றன. தாமதம் இன்னும் கூடும். 10 ஃபிரேமில் முடிவு எடுக்க வேண்டிய ஆட்டத்தில் இப்படி ‘லேக்’ அடித்தால் திறமையைக் காட்டவே முடியாது.

அதனால் பாகிஸ்தான் வீரர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். பயிற்சிக்கூடமாக இருந்தவை ஆர்கேட் கடைகள். ஆர்கேட்டின் பொது விதி எளிமையானது: ஜெயித்தவர் சீட்டிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்திருக்க வேண்டும். திரும்ப ஆட வேண்டுமானால் திரும்பக் காசு. இந்தச் சூழலில் வளர்பவருக்கு ஒவ்வொரு தோல்வியும் பாக்கெட்டில் வலிக்கும். வெளியாருக்குத் தெரியாத, ஆனால் மிகக் கெட்டியான ஒரு ஆட்டமுறை அங்கே உருவானது.

இரண்டாவது தடை விசா. போட்டிக்குப் பெயர் கொடுத்து, விசா கிடைக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்த அனுபவம் பாகிஸ்தான் வீரர்கள் பலருக்கு உண்டு. மூன்றாவது பணம். ஸ்பான்சர் இல்லாத இளைஞருக்கு ஜப்பான் டிக்கெட் பெரிய தொகை. ஆக, ஃபுகுவோகாவில் அர்ஸ்லான் ஜெயித்தபோது லாகூரில் திடீரென்று திறமை முளைக்கவில்லை. அது ஏற்கெனவே இருந்தது. கதவு அன்றைக்குத்தான் திறந்தது.

திறந்த பிறகு என்ன ஆனது? 2023, 2024 ஆண்டுகளில் அர்ஸ்லான் மறுபடியும் லாஸ் வேகாஸ் ஈவோவை வென்றார். 2023-இல் ரியாத்தில் நாடுகளுக்கு இடையே நடந்த டெக்கன் 7 போட்டியின் இறுதியில் தென் கொரியாவை வென்று பாகிஸ்தான் அணி கோப்பையைத் தூக்கியது. தன்னைவிடப் பலமானவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதை இனி யாரும் தன்னடக்கம் என்று ஒதுக்க முடியாது.

தூரத்தைக் குறைக்க முடியாதா?

ஒளியின் வேகத்தை மாற்ற முடியாது. தாமதத்தை மறைக்க முடியும். அதற்குப் பெயர் ‘ரோல்பேக்’. உங்கள் எதிராளி அடுத்து என்ன செய்வார் என்பதைத் தகவல் வருவதற்கு முன்பே கணினி ஊகித்து ஆட்டத்தை நகர்த்திவிடும். ஊகம் சரி என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. தவறு என்றால், கண்மூடித் திறப்பதற்குள் சில ஃபிரேம் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். ஒருவர் பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தால் அடுத்த ஃபிரேமிலும் பிடித்திருப்பார் என்பதுதான் அடிப்படை ஊகம். பெரும்பாலும் அது பலிக்கிறது.

இந்த முறையைப் பிரபலமாக்கிய ‘ஜிஜிபிஓ’ மென்பொருளை எழுதியவர் டோனி கேனன். ஈவோ போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2019-இல் அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். 2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8 ரோல்பேக் முறையில் இயங்குகிறது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி எதில் ஆடினாலும் ஒருவரோடு ஒருவர் மோதலாம். ஆனால் ரோல்பேக்குக்கும் எல்லை உண்டு. மிகத் தொலைவில் இருப்பவரோடு ஆடினால் படம் துள்ளும். ஆக, பக்கத்து நாட்டுக்காரரோடு ஆடுவதுதான் இன்றும் சுகம்.

கதாபாத்திரங்களும் இணைக்கின்றனவா?

டெக்கன் 7-இல் ஒவ்வொருவரும் அவரவர் மொழியில் பேசுகிறார்கள். ஹெய்ஹாச்சி ஜப்பானிய மொழியில், ஹ்வோராங் கொரிய மொழியில், ஷஹீன் அரபியில். யாரும் மொழிபெயர்ப்பாளர் கேட்பதில்லை! பிலிப்பைன்ஸ் கதாபாத்திரமான ஜோசி ரிசாலின் பெயர், அந்நாட்டுத் தேசிய நாயகர் ஹோசே ரிசாலை நினைவூட்டுவது.

சவுதி அரேபியக் கதாபாத்திரமான ஷஹீனை உருவாக்கும்போது, தயாரிப்பாளர் கட்சுஹிரோ ஹராடா 2014-இல் முதல் வரைபடத்தை வெளியிட்டு மத்தியக் கிழக்கு ரசிகர்களிடம் கருத்து கேட்டார். எல்லாக் கதாபாத்திரங்களும் இவ்வளவு கவனத்தோடு வருவதில்லை. ஒரு நாட்டை ஒரு உடை, ஒரு சண்டை வகைக்குள் அடக்கிவிடும் பழக்கம் இந்தத் துறையில் பழையது. ஆனாலும் சம்பந்தப்பட்டவர்களிடமே கேட்டுச் செய்வது நல்ல மாற்றம்.

அப்போ எல்லாமே நல்லதுதானா?

இல்லை. ஆன்லைன் ஆட்டங்களில் மைக்கை ஆன் செய்ததும் நாட்டையும் நிறத்தையும் வைத்து வசை விழுவதைப் பலரும் கேட்டிருப்பார்கள். முகம் தெரியாத எதிராளி, ஒரே ஒரு ஆட்டம், பிறகு பார்க்கவே போவதில்லை என்ற நிலையில் மரியாதைக்குக் காரணம் இல்லாமல் போகிறது. டெக்கன் உலகில் நிலைமை ஓரளவு வேறாக இருப்பதற்குக் காரணம், அவர்கள் திரும்பத் திரும்ப நேரில் சந்திக்க வேண்டியிருப்பதுதான். இன்று திட்டியவரின் பக்கத்தில் நாளை உட்கார வேண்டும்.

அரசியலும் இணைப்பைத் துண்டிக்கும். நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2020 செப்டம்பரில் ‘பப்ஜி மொபைல்’ இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2021-இல் அதற்குப் பதிலாக இந்தியாவுக்கென்றே தனியாக ‘பிஜிஎம்ஐ’ வந்தது. வெளிநாட்டு நண்பர்களோடு அணி சேர்ந்து ஆடியவர்களுக்கு அந்தத் தொடர்பு ஒரே நாளில் அறுந்தது.

லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் இடையே சுமார் 50 கி.மீ. தான். ஆனாலும் அங்கே போய் ஆடிக் கற்பது ஓர் இந்திய வீரரைவிடக் கொரிய வீரருக்கு எளிது. ஃபிரேம் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். பாஸ்போர்ட் கணக்கு அப்படி இல்லை.

என்ன புரிகிறது?

கேம் தானாக யாரையும் நண்பராக்காது. அது செய்வது ஒன்றுதான்: பெயர், ஊர், மொழி எதையும் கேட்காமல் இருவருக்கும் ஒரே விதியைக் கொடுக்கிறது. பே ஜே-மின்னை லாகூருக்கு அழைத்துப் போனது நட்புப் பேச்சு அல்ல, தான் ஏன் தோற்றோம் என்று தெரிந்துகொள்ளும் ஆசை. போன இடத்தில்தான் பழக்கம் வந்தது.

அடுத்த அர்ஸ்லான் எந்த ஊரில் இருக்கிறார் என்பது இன்றைக்கு யாருக்கும் தெரியாது. எங்கோ ஒரு சின்ன கடையில், சீட்டை விட்டுக் கொடுக்காமல் ஆடிக்கொண்டிருக்கலாம். அவர் மேடை ஏறுவாரா என்பதைத் திறமையோடு ஒரு விசா முத்திரையும் ஒரு விமான டிக்கெட்டும் சேர்ந்தே முடிவு செய்யும்.