மடை அடைக்கும் ஒளி

நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் இருக்கிறது டெராஹெர்ட்ஸ் அலை. நொடிக்கு லட்சம் கோடி முறை அளவில் அதிரும் இந்த அலை துணியையும் அட்டையையும் ஊடுருவும். எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெறியாது. இதில் தகவல் அனுப்ப வேண்டுமானால் நினைத்த நேரத்தில் அலையை விடவும் தடுக்கவும் ஒரு மடை தேவை. அந்த மடையை மின்னழுத்தத்தைவிட ஒளியால் இயக்குவதே மேல் என்பேன். ஆனால் கிராஃபீன் மட்டும் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

2004-ல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டிலிருந்து உரித்தெடுத்த கிராஃபீன் ஏடு ஒரே ஓர் அணு கனம்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 2.3 சதவீதத்தை மட்டுமே விழுங்கும். டெராஹெர்ட்ஸ் அலையை அது எவ்வளவு தடுக்கும் என்பதோ, அதில் தாராளமாக ஓடும் எலெக்ட்ரான்கள் எத்தனை என்பதைப் பொறுத்தது. அந்த எண்ணிக்கையை மின்னழுத்தத்தால் மாற்றிக் காட்டிய 2012-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் அலை மாறியது சுமார் 15 சதவீதம். வேகம் நொடிக்கு 20 ஆயிரம் முறை அளவில் நின்றது. ஏடும் அடியிலுள்ள மின்முனையும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகிவிடுகின்றன. அது நிரம்பி வடியும் வரை காத்திருக்க வேண்டும். அதே ஆண்டு ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்னில் சிலிக்கன் மேல் கிராஃபீனைப் படியவைத்து லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். 0.2 முதல் 2 டெராஹெர்ட்ஸ் வரையிலான அகன்ற பரப்பில், அதிகபட்சம் 99 சதவீதம் வரை அலை அடைபட்டது.

ஒளியை வாங்கி எலெக்ட்ரானை எழுப்புவது சிலிக்கன்தானே, கிராஃபீனுக்கு இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறும் சிலிக்கனும் ஒளிபட்டால் அலையைத் தடுக்கும். ஆனால் எலெக்ட்ரான்கள் சிலிக்கனைவிட கிராஃபீனில் எளிதாக ஓடுகின்றன. அதனால் அதே ஒளிக்கு மடை இன்னும் இறுக்கமாக மூடுகிறது. ஒன்று விளைவிக்கிறது, மற்றது ஓடவிடுகிறது. லேசர் கூடுதல் சுமை என்ற குறையையும் நான் பெரிதாக எண்ணவில்லை. கண்ணாடி இழையில் தகவல் ஏற்கெனவே ஒளியாகத்தானே வருகிறது.

உண்மையான தடை வேகம். சிலிக்கனில் எழுந்த எலெக்ட்ரான்கள் அடங்க மைக்ரோ நொடிக் கணக்கில் ஆகும். கிராஃபீனுக்குச் சில பிக்கோ நொடிகளே போதும், அதாவது நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் துண்டுகளில் சில. ஆனால் தனித்து நின்றால் அதன் தடுப்பு மெல்லியது. போதாததற்கு, ஏற்கெனவே எலெக்ட்ரான் நிறைந்த கிராஃபீனில் ஒளிபட்டால் மடை மூடாமல் இன்னும் திறந்துகொள்கிறது: சூடேறிய எலெக்ட்ரான்களால் மின்கடத்தல் குறைந்துவிடுகிறது. ஆகவே ஆய்வின் கவனம் இனி கிராஃபீனின் அடியில் இருக்கும் பொருள்மீது விழ வேண்டும்: சிலிக்கன் அளவுக்கு எலெக்ட்ரானைத் தரவும் வேண்டும், அதைவிட விரைவாக அடங்கவும் வேண்டும்.