பக்தர் வீட்டில் பிறந்த நாத்திகப் பிள்ளை

1973-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி காலை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 94 வயதுப் பெரியவர் ஒருவர் அங்கே கண் மூடினார். கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசி வந்தவர் அவர். உயிர் பிரிந்ததோ, பாதிரிமார் குடும்பத்துப் பெண் தொடங்கிய ஆஸ்பத்திரியில்!

அவர்தான் பெரியார் ஈ.வெ.ராமசாமி. வேலூர் அவருக்குப் புதிய ஊர் அல்ல. மனைவி மணியம்மையார் பிறந்த ஊர்.

ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரும் இளம் வயதில் பெற்றோருக்கு மாறாக நின்றவர்தான். மத ஊழியம் வேண்டாம் என்றார். பிறகு மனம் மாறினார். பெரியாரோ கடைசிவரை மாறவில்லை. அவரைப் பெற்றவர்களும் மாறவில்லை. அந்தக் கதை ஈரோட்டில் நடந்தது.

தட்டி விழுந்தது!

தந்தை வெங்கட நாயக்கர் பெரிய வியாபாரி. தாயார் சின்னத்தாயம்மாள். இருவரும் வைணவ பக்தர்கள். வீட்டில் எப்போதும் சாமியார்கள், பண்டிதர்கள் கூட்டம். புராணக் கதை, பஜனை, சாப்பாடு.

1879-ல் பிறந்த ராமசாமிக்குப் பள்ளிக்கூடத்தில் நாட்டம் இல்லை. பண்டிதர்களை மடக்குவதில்தான் நாட்டம். ஒரு புராணத்துக்கும் மறு புராணத்துக்கும் ஒத்துவரவில்லையே என்பார். ஆளுக்கு ஒரு பதில் சொல்லித் திணறுவார்கள்.

எல்லாம் தலைவிதி என்று பேசிய கடைக்காரர் ஒருவரும் தப்பவில்லை. கடைத் தட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்த கழியைத் தட்டிவிட்டார் பையன். தட்டி அவர் தலையில் விழுந்தது. இதுவும் விதிதான் என்று சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தான்!

தந்தையிடம் இந்த விளையாட்டு செல்லவில்லை. நாயக்கர் மதித்த சாமியார் ஒருவரின் தம்பி, கடன் வழக்கில் பிடிபடாமல் ஒளிந்திருந்தார். கோர்ட்டு சேவகனுக்கு ஆளைக் காட்டிக் கொடுத்தவர் ராமசாமி. நாயக்கருக்கு ஆத்திரம் பொங்கியது. மகனை அடித்தார்.

மீசை காட்டிக் கொடுத்தது

மனத்தாங்கல் வளர்ந்தது. 1904-ல் ராமசாமி வீட்டை விட்டுக் கிளம்பிக் காசிக்குப் போனார். அங்கே சத்திரத்தில் பிராமணர்களுக்கு மட்டும் சாப்பாடு. பூணூல் போட்டுக்கொண்டு நுழையப் பார்த்தார். மீசை காட்டிக் கொடுத்தது! காவல்காரன் பிடித்துத் தள்ளினான். பசி தாளவில்லை. பெரிய மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை, வெளியே எறிந்த எச்சில் இலையில் கை வைத்தார்.

திரும்பும் வழியில் ஏலூரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கினார். செய்தி ஈரோட்டுக்கு எட்டியது. நாயக்கர் தாமே போய் மகனை அழைத்து வந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம். மண்டியை மகன் பெயருக்கு மாற்றினார். சாமியைக் கேலி செய்யும் பிள்ளையிடம் வியாபாரம் முழுவதையும் ஒப்படைக்க எத்தனை தகப்பனாருக்கு மனம் வரும்?

மகனும் முறுக்கிக்கொண்டு நிற்கவில்லை. மண்டியைத் திறமையாக நடத்தினார். தேவஸ்தானக் கமிட்டித் தலைவர் பதவியையும் ஏற்றார். கோயில் நிர்வாகத்தை ஒழுங்காகக் கவனித்தார்.

1911-ல் நாயக்கர் காலமானார். தாயார் மேலும் 25 ஆண்டு வாழ்ந்தார். மகன் காங்கிரசில் சேர்ந்ததையும், 1924-ல் வைக்கத்தில் சிறை புகுந்ததையும், 1925-ல் காங்கிரசை விட்டு வெளியேறியதையும் அவர் கண்டார். சுயமரியாதைப் பிரசாரம் ஊரெல்லாம் முழங்கியது. அம்மாள் தம் பக்தியை விடவில்லை. மகன் தம் பிரசாரத்தை விடவில்லை.

1936-ல் அம்மாள் மறைந்தார். வயது 90-க்கு மேல். தாயாரைப் பற்றி மகன் 'குடி அரசு' பத்திரிகையில் எழுதினார்.