பழைய கணினியில் கொம்பு ஏன் இடம் மாறுகிறது?

சிம்பாங் அம்பாட்டில் பழைய கணினி வைத்திருப்பவர்கள் தமிழ்ச் செய்தியைத் திறந்தால், சில வேளை எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரியும். அல்லது 'கெ'யின் கொம்பு பின்னால் போய் நிற்கும். கட்டம் வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். கொம்பு மாறினால் எழுத்தை அடுக்கும் நிரல் இல்லை. யூனிகோட்டில் ககரம் முதலில், கொம்பு பிறகு என்றுதான் பதிவாகும். திரையில் கொம்பை முன்னே கொண்டுவருவது அந்த நிரலின் வேலை.

மைக்ரோசாப்ட் இதைத் தமிழுக்குத் தந்தது விண்டோஸ் 2000-இல்தான். அதற்கு முன்பே, 1985-இல், நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வந்துவிட்டது. எக்ஸ்பியில் இந்த வசதியைக் கண்ட்ரோல் பேனலின் மொழிப் பகுதியில் நாமே நிறுவ வேண்டும். ஃபயர்பாக்ஸ் உலாவியோ ஹார்ஃப்பஸ் என்ற அடுக்கும் நிரலைத் தன்னோடு சுமந்து வருகிறது.

படிப்பதற்கு இது போதும். வங்கிக் கணக்கை மட்டும் எக்ஸ்பியில் திறக்க வேண்டாம். அதற்கான பொதுப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் ஏப்ரல் 2014-இல் நிறுத்திவிட்டது.